கூரை வேய்ந்த ஆங்கிலேயக் கிராமத்து விடுதி: கட்டட அமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக் கிராமங்களில் தாளோ (கோதுமை வைக்கோல்) நாணலோ வேய்ந்த ‘இன்’ எனும் பழைய விடுதிகளைப் பார்த்தவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை எளியதில் தொடங்கிச் சிக்கலானது வரை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறோம். கைமரம் (சரிந்து இறங்கும் சட்டம்), வரிச்சு (அதன் மேல் குறுக்கே அடிக்கும் மெல்லிய சட்டம்), முகடு (உச்சி), இறவாரம் (சுவருக்கு வெளியே நீளும் ஓரம்), கூடுவாய் (இரு சரிவுகள் சேரும் பள்ளம்) என்று நம் கொத்தர்களும் தச்சர்களும் சொல்லும் சொற்களே இந்தக் கூரைக்கும் பொருந்துகின்றன. வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

‘இன்’னு சொன்னா லாட்ஜா, பீர்க்கடையா, நம்ம சத்திரம் மாதிரியா?

பழைய வழக்கில் மூன்று வகை இருந்தன. வீட்டில் காய்ச்சிய பீரை விற்றது ஏல்ஹவுஸ், திராட்சை மது விற்றது டாவர்ன். படுக்கை, சாப்பாடு, குதிரைக்கு லாயம் மூன்றும் கொடுத்தது இன். 1577-ல் ஒரு கணக்கு எடுத்தார்கள். விவரம் வந்து சேர்ந்த மாவட்டங்களில் மட்டும் ஏறக்குறைய 14,000 ஏல்ஹவுஸ்கள் இருந்தன. இன்கள் 1,600 சொச்சம், டாவர்ன்கள் 300 சொச்சம். சத்திரம் தருமத்துக்கு நடந்தது, இன் காசுக்கு நடந்தது.

இன்று இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஓர் அறைகூட வாடகைக்கு இல்லாத பப்பும் (மதுக்கடை) பலகையில் ‘இன்’ என்று எழுதிக்கொள்கிறது. ஆகவே பெயரை நம்பிக் கட்டடத்தைப் படிக்கக் கூடாது.

இதெல்லாம் விடுதி நடத்தணும்னே கட்டினதா?

நெடுஞ்சாலை ஊர்களில், முற்றமும் வண்டி நுழையும் வளைவுமாக அப்படிக் கட்டியவை உண்டு. கிராமத்துக் கூரை விடுதிகளில் பெரும்பான்மை விவசாயியின் வீடுதான். 1830-ல் வந்த பீர்க்கடைச் சட்டம், 2 கினி (பழைய ஆங்கிலேயப் பணம்) உரிமக் கட்டணம் செலுத்தும் குடித்தனக்காரர் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்றது. பல பண்ணைவீடுகள் பப்பானது அதற்குப் பிறகுதான்.

வூஸ்டர்ஷயரில் பிரெட்ஃபர்ட்டன் என்ற ஊரில் இருக்கும் ஃப்ளீஸ் இன் நல்ல எடுத்துக்காட்டு. 15-ஆம் நூற்றாண்டில் பண்ணைவீடாக எழுந்தது, உரிமம் பெற்றது 1848-ல். அதே குடும்ப வழியில் வந்த லோலா டாப்ளின் 1977-ல் இறக்கும்போது அதை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார். கட்டடத்தின் வயதில் பெரும்பங்கு அது வீடு, சிறுபங்குதான் கடை. ‘விடுதியின் அமைப்பு’ என்று தேடிப் போனால் கண்ணில் படுவது ஒரு குடியானவன் வீட்டின் அமைப்பாக இருப்பது அதனால்தான்.

உள்ளே நுழைஞ்சதும் நேரா ஒரு நடை, ரெண்டு பக்கமும் அறை. ஏன் எல்லா இடத்திலயும் இதே மாதிரி இருக்கு?

இடைக்கால வீட்டின் திட்டம் அது. முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு நேராக ஒரு நடை போகும். நடையின் ஒரு புறம் கூடம். மேல்தளம் கிடையாது, அண்ணாந்தால் கூரையின் உட்புறமே தெரியும், தரையின் நடுவில் திறந்த அடுப்பு எரியும். மறுபுறம் பீரும் ரொட்டியும் வைக்கும் சிறு அறைகள், சில ஊர்களில் மாட்டுக்கொட்டிலே அங்கேதான். கூடத்துக்கு அப்பால் குடும்பத்தின் தனியறை.

இதைக் கடையாக்க எதையும் இடிக்க வேண்டியிருக்கவில்லை. கூடம் குடிப்பவர்கள் உட்காரும் இடமானது. பண்டம் வைத்த அறை பீப்பாய் அறையானது. தனியறை கொஞ்சம் மரியாதையான வாடிக்கையாளருக்கு. பீப்பாய்க்கு 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி வேண்டும். அதனால் வடக்குப் பார்த்த அறையைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். நிலவறை இல்லாத பழைய பப்புகளில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

உத்தரம் தலையில இடிக்குதே. அந்தக் காலத்து ஆளுங்க அவ்வளவு குள்ளமா?

இல்லை. இன்றைய சராசரியைவிடச் சில செ.மீ. குறைவு, அவ்வளவுதான். முன் பதிலில் சொன்ன கூடத்துக்கு முதலில் மேல்தளமே கிடையாது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் புகைபோக்கி கட்டி அடுப்பைச் சுவரோரம் கொண்டுபோனார்கள். புகை போய்விட்டதும் மேலே வெறுமனே கிடந்த இடத்தில் ஒரு தளம் போட்டார்கள். சுவரின் உயரம் ஒரு தளத்துக்கென அமைந்தது. அதை இரண்டாகப் பிரித்தால் இரண்டுமே தாழ்ந்துதான் போகும். பிறகு கல் பாவிக் கீழ்த்தரையையும் உயர்த்தியிருந்தால் இன்னும் மோசம்.

மேல்மாடி அறையில் படுத்தால் சரிந்த கூரை முகத்துக்கு நேரே வருவதும், சன்னல் முழங்கால் உயரத்தில் இருப்பதும் இதே காரணத்தால்தான். அந்தச் சன்னலுக்கு மேல் கூரை புருவம் போல வளைந்து ஏறும். பார்க்க அழகு, ஒழுகுவதற்கும் வசதியான இடம். அதைக் கீழே பார்ப்போம்.

சுவர்ல இருந்து கிளம்பி முகடு வரைக்கும் வளைஞ்சு போற பெரிய மரம் என்ன?

அதற்கு ‘கிரக்’ என்று பெயர். இயற்கையாகவே வளைந்த ஓக் மரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிரே சாய்த்து உச்சியில் பூட்டுவார்கள். ஒரே மரத்தின் பாதிகள் என்பதால் வளைவு கண்ணாடிப் பிம்பம் போலப் பொருந்தும். இப்படி ஒவ்வொரு 4.5 – 5 மீட்டருக்கும் ஒரு சோடி. அவற்றின் மேல் நெடுக்கு உத்தரங்கள், அதன் மேல் கைமரம், வரிச்சு. பச்சை ஓக்கில் இழைத்து, ஆணி இல்லாமல் மரமுளை அடித்துப் பூட்டுவது வழக்கம். மரம் காயக் காயப் பூட்டு இறுகும்.

கூரையின் பாரம் முழுவதும் இந்தச் சோடிகள் வழியாகத் தரைக்குப் போகிறது. சுவர் வெறும் மறைப்பு. அதனால்தான் சுவரைப் பலமுறை மாற்றிக் கட்டிய பிறகும் கூரைச்சட்டம் அப்படியே நிற்கிறது. தேம்ஸ் கரையில் கிளிஃப்டன் ஹாம்ப்டனில் உள்ள பார்லி மோ 1352-ஐச் சேர்ந்த கிரக் கட்டடம். 1975-ல் தீயில் பெரும் சேதமடைந்து, சீரமைத்த பின் இன்றும் விடுதியாகவே இருக்கிறது. மேற்கு, மத்திய இங்கிலாந்தில் கிரக் நிறைய உண்டு. கிழக்கே தேடினால் கிடைக்காது, அங்கே வேறு வகைச் சட்டம்.

மரத்துல ரோமன் எண், வட்டம், கண்ணீர்த்துளி மாதிரிக் கரிந்த தழும்பு எல்லாம் இருக்கே?

எண்கள் தச்சர் போட்டவை. சட்டம் முழுவதையும் பட்டறை முற்றத்தில் படுக்க வைத்துப் பொருத்திப் பார்த்து, கழற்றி, வண்டியில் ஏற்றி, கட்டுமிடத்தில் மறுபடி பூட்டுவார்கள். எந்த முளை எந்தத் துளைக்கு என்று அடையாளம் வேண்டுமல்லவா. எண்வரிசை நடுவில் அறுந்தால் அங்கே பிற்காலத்தில் மரம் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

கவராயம் வைத்துக் கீறிய பூவடிவ வட்டங்களும் பின்னிய இரண்டு ‘வி’ எழுத்துகளும் கண்ணேறு கழிக்க. அடுப்பு, கதவு, சன்னல் ஓரங்களில்தான் தேட வேண்டும். ஃப்ளீஸ் இன்னில், சூனியக்காரி புகைபோக்கி வழியே இறங்காதிருக்க அடுப்பின் முன் தரையிலேயே வட்டம் போட்டிருக்கிறார்கள். கரிந்த தழும்பு பலர் நினைப்பதுபோல விளக்குச் சாய்ந்ததால் வந்தது அல்ல. சுடரை மரத்தில் ஒரே கோணத்தில் வெகுநேரம் பிடித்தால்தான் அந்த வடிவம் வரும். வேண்டுமென்றே செய்தது.

சுவர் வெறும் மண்ணுன்னு சொல்றாங்க. மழை பெய்யற நாட்டுல மண் சுவர் எப்படி நிக்குது?

இடத்தைப் பொறுத்தது. மரச்சட்ட வீட்டில், சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் படல் போலப் பின்னி, மண்ணும் சாணமும் தாளும் கலந்து இரு புறமும் அப்புவார்கள். தென்மேற்கில் உள்ள டெவன் பகுதியில் சட்டமே இல்லாத முழு மண் சுவர், ‘காப்’ என்று பெயர். களிமண், தாள், தண்ணீர் சேர்த்து மிதித்து, சுமார் அரை மீட்டர் உயரத்துக்கு ஒரு படி எழுப்பி, சில வாரம் காயவிட்டு அடுத்த படி. கனம் 60 முதல் 90 செ.மீ. வரை. பலகை அடைப்பு வேண்டாம், பக்கங்களை மண்வெட்டியால் செதுக்கிச் சமன்செய்வார்கள்.

‘காப் சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் போதும்’ என்பது டெவன் பழமொழி. தொப்பி கூரையின் நீண்ட இறவாரம். செருப்பு சுவரடியில் அரை மீட்டர்க் கல்திட்டு. இவை இரண்டும் சரியாக இருந்தால் நூற்றாண்டுக்கணக்கில் நிற்கும். கெடுப்பது சிமெண்டுப் பூச்சு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்டில் மயிரிழை விரிசல் வழியே நீர் நுழையும், வெளியேற வழியில்லை. மண் அடியில் ஊறிக் கொழகொழத்து, வெளிப்பூச்சு நன்றாக இருக்கும்போதே சுவர் ஒருநாள் உட்காரும். தட்டினால் வெற்றொலி, திட்டுக்கு மேலே உள்பக்கம் ஈரக்கறை: இரண்டும் தெரிந்தால் சிமெண்டைப் படிப்படியாக எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்கு மாற வேண்டும். ஒரேயடியாக உரிக்கக் கூடாது. ஊறிய சுவருக்கு அந்த ஓடுதான் அப்போது பிடிமானம்.

மேல வேய்ஞ்சிருக்கிறது வைக்கோலா, புல்லா?

மூன்று பொருள்கள். ஒன்று, நீர்நாணல், கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபக் சதுப்புநிலங்களில் விளைவது பெயர்பெற்றது. மற்ற இரண்டும் கோதுமைத் தாள். கதிரும் அடியும் கலந்து கிடக்க வேய்வது நெடுந்தாள் முறை. கூரை சற்றுப் பரட்டையாக, ஓரங்களில் குச்சிப் பின்னல் வெளியே தெரியும்படி இருக்கும். அடிப்பக்கமெல்லாம் ஒரே திசையில் வரும்படி சீவி வேய்வது சீவுதாள் முறை. முடி ஒட்டவெட்டியது போல இருக்கும், தென்மேற்கில் அதிகம்.

நாணல் விறைப்பானது, முகட்டின் மேல் மடியாது. அதனால் நாணல் கூரைக்கும் முகடு மட்டும் கோரையாலோ தாளாலோ போடுவார்கள். முகட்டின் நிறம் வேறாக இருப்பது இதனால்தான்.

வெறும் தாள் எப்படி ஒழுகாம இருக்கு?

சாய்வு, அடுத்தது கனம். 45 டிகிரிக்குக் குறைந்தால் நீர் தங்கும், 50 இருந்தால் நல்லது. தண்டின் அடிமுனை மட்டும் வெளியே தெரியும்படி அடுக்குவதால், துளி ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குத் தாவித் தாவி இறவாரம் வரை இறங்கிவிடும். 30 செ.மீ. கனத்தில் மேலே இரண்டு மூன்று செ.மீ.தான் நனையும், உள்ளே உலர்ந்தே இருக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்டுகள் கூரையைவிடச் சாய்வு குறைவாகப் படுத்திருக்கும், ஆனால் வெளிநோக்கிச் சரிந்தே இருக்க வேண்டும். மட்டமாகப் படுத்துவிட்டால் நீர் தண்டு வழியே உள்ளே திரும்பும். சன்னலுக்கு மேலே புருவ வளைவிலும், இரு சரிவுகள் சேரும் கூடுவாயிலும் சாய்வு தானாகவே குறைகிறது. ஒழுகல் அங்கிருந்து தொடங்குவது அதனால்தான்.

வேயற வேலை எப்படி நடக்குது?

நாணல் என்றால் பழையதைக் கழற்றிக் கைமரத்திலிருந்து தொடங்குவார்கள். 60 செ.மீ. சுற்றளவுள்ள கட்டு, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10. இறவாரத்தில் முதல் வரிசை. அதன் அடியில் ஒரு சாய்வுப் பலகை தூக்கிக் கொடுப்பதால்தான் மேலே வரும் வரிசைகள் இறுக்கமாக உட்காரும். இந்தப் பலகை தாழ்ந்துபோனால் கூரை முழுவதும் தளர்வு. ஒவ்வொரு வரிசையின் குறுக்கே ஒரு கழியோ இரும்புக் கம்பியோ வைத்துக் கைமரத்தோடு பிணைத்து, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மரத்தட்டியால் அடிமுனைகளை மேல்நோக்கித் தட்டி ஏற்றுவார்கள். அந்தத் தட்டிக்கு லெகட் என்று பெயர். நாணலைக் கத்தரித்து வடிவம் கொண்டுவருவதில்லை, தட்டியே கொண்டுவருவார்கள்.

நெடுந்தாளில் தாளை நனைத்து, கையால் இழுத்து நேராக்கி, அடுக்கடுக்காக வைத்து, ஹேசல் என்ற சிறுமரத்தின் குச்சியால் பழைய படுகையோடு (அடியில் கிடக்கும் பழைய தாள் அடுக்கு) தைப்பார்கள். குச்சி 60, 70 செ.மீ. நீளம், நீளவாக்கில் பிளந்து, இரு முனையும் கூராக்கி, நடுவில் முறுக்கிக் கொண்டை ஊசி போல மடிப்பார்கள். முறுக்காமல் மடித்தால் நார் அறுந்து ஒடியும். செருகும்போது வெளிமுனை சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். தலைகீழாகச் சாய்த்தால் குச்சியே நீரை உள்ளே கொண்டுபோகும் வாய்க்காலாகிவிடும்.

நம்ம ஊர்ல கீற்று ரெண்டு வருஷம் தாங்கினா பெரிசு. அங்க எப்படி 40 வருஷம்?

கீற்று ஓர் இலைக்கனம், அது ஓரடிக் கனம். மேல்பரப்பு ஆண்டுதோறும் மட்கித் தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது. தேய நிறைய இருப்பதால் நாள் பிடிக்கிறது. நல்ல வேலையென்றால் நாணல் 30 – 50 ஆண்டு, சீவுதாள் 25 – 40, நெடுந்தாள் 15 – 25. முகடு மட்டும் 10 – 15 ஆண்டுக்கு ஒருமுறை. மரநிழல் விழும் வடக்குச் சரிவு இதைவிடச் சீக்கிரம் போகும், வெயில் படும் தெற்குச் சரிவு கூடுதலாக நிற்கும். ஆகவே ‘இந்தக் கூரைக்கு என்ன வயது’ என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது.

அடியில 500 வருஷப் பழைய தாள் இருக்குன்னு சொல்றது கதையா?

உண்மை. தாள் கூரையைப் புதுப்பிக்கும்போது கெட்டதை மட்டும் சுரண்டிவிட்டு, நல்ல படுகையின் மேலேயே அடுத்ததைத் தைப்பது வழக்கம். அடிப்படுகை அசையாமல் கிடக்கும். நடுக்கூடத்தில் அடுப்பு எரிந்த காலத்துப் புகை அதில் படிந்து கன்னங்கரேல் என்றிருந்தால், புகைபோக்கி வருவதற்கு முன்பே வேய்ந்தது என்று உறுதியாகிறது. தென் இங்கிலாந்தில், குறிப்பாக டெவனில், இப்படி 200-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன.

அந்தக் கரித்தாளில் இன்று பயிரில் இல்லாத கோதுமை வகைகளும் ரை என்ற தானியமும் களைவிதைகளும் முழுசாகக் கிடைக்கின்றன. இடைக்காலத்து வயலில் என்ன விளைந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அரிது. கூரையைப் புதுப்பிக்கிறோம் என்று மொத்தமாக வாரிக் குப்பையில் போடுவது, எங்கள் கருத்தில், சுவரை இடிப்பதைவிடப் பெரிய இழப்பு.

தீ பிடிக்காதா?

பிடிக்கும். 1212 பெருந்தீக்குப் பிறகு இலண்டன் நகரம் தாள், நாணல் கூரைகளுக்குக் கட்டுப்பாடு போட்டது. 1997-ல் திறந்த குளோப் நாடக அரங்குதான், 1666 இலண்டன் பெருந்தீக்குப் பின் அங்கே கூரை வேய்ந்து எழுப்ப அனுமதி பெற்ற முதல் கட்டடம்; அதுவும் முகட்டில் நீர்த்தெளிப்பான் வைத்து. மேலே சொன்ன ஃப்ளீஸ் இன் 2004 பிப்ரவரியில் புகைபோக்கியிலிருந்து பறந்த பொறியால் கூரை எரிந்து, அடுத்த ஆண்டு திறந்தது.

பெரும்பாலும் குற்றவாளி விறகடுப்புதான். புகைபோக்கிச் செங்கல் வழியே சூடேறித் தாள் கருகுகிறது என்றே வெகுகாலம் சொன்னார்கள். இப்போது வெளியே பறந்து கூரைமேல் விழும் தணலையே முதன்மையாகச் சந்தேகிக்கிறார்கள். காகிதமும் அட்டையும் போட்டுக் குபீரென்று பற்றவைக்கும்போதுதான் தணல் பறக்கும். விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறை புகைபோக்கியைத் துடைக்க வேண்டும், அதன் வாய் முகட்டுக்கு மேல் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும். வாயில் கம்பிவலை வைப்பது முன்பு வழக்கம். கரி அடைத்து அதுவே தீக்குக் காரணமாவதால் இப்போது வேண்டாம் என்கிறார்கள்.

படுகை மேல் படுகை ஏறுவதை முன் பதிலில் பார்த்தோம். அதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு முறையும் முகடு உயர்கிறது, புகைபோக்கி அந்த அளவு குட்டையாகிறது. வெளியே மழையில் நின்று அரித்த செங்கல் இணைப்பு இப்போது தாளுக்குள் புதைந்துவிடும். புதிதாக வேயும் முன் அந்தப் பகுதியைத் திறந்து பார்த்துப் பூசாவிட்டால் பின்னால் யாருக்கும் அது தெரியாது.

பிடிச்சா தண்ணி அடிச்சு அணைக்க வேண்டியதுதானே?

மழையை ஒட்டாமல் இறக்குவதற்காகவே செய்த கூரை, தீயணைப்பு நீரையும் அப்படியே இறக்கிவிடும். தீ உள்ளே புகைந்துகொண்டு போகும். அதனால் எரியும் இடத்துக்கு முன்னால் முகட்டிலிருந்து இறவாரம் வரை ஒரு பட்டையைப் பிய்த்தெடுத்து இடைவெளி உண்டாக்குவதே முறை. பறவைகள் தாளைப் பிய்க்காதிருக்கக் கூரைமேல் போடும் கம்பிவலையைக் கட்டிப்போட்டு வைக்காமல், கீழிருந்து இழுத்தால் உரிந்து வரும்படி போட வேண்டும் என்பது இதற்காக.

மழைநீர்க் குழாயே இல்லையே?

அவ்வளவு கனமான இறவாரத்தில் குழாய் பொருத்துவதும் சிரமம், சருகு அடைப்பதும் உறுதி. இறவாரத்தை அரை மீட்டர் வெளியே நீட்டி, நீர் சுவரைத் தொடாமல் விழ விடுகிறார்கள். விழும் இடத்தில் சரளைக்கல் வேண்டும். சிமெண்டுத் தளம் போட்டால் நீர் தெறித்துச் சுவரடியை நனைக்கும்.

நாணல்தான் அதிக நாள் வருதே, தாளை எடுத்துட்டு நாணல் போட்டா என்ன?

பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் அனுமதி கேட்க வேண்டிவரும், பெரும்பாலும் மறுப்பார்கள். உருவமும் மாறும்: தாள் கூரையின் முகடு வழக்கமாகப் பரப்போடு சமமாக இருக்கும், நாணலில் தடித்த பூவேலை முகடு உட்கார்ந்துகொள்ளும். அடிப்படுகையும் போய்விடும்.

தாள் பக்கமும் சிக்கல் இருக்கிறது. அறுவடை இயந்திரம் தாளை நசுக்கிவிடும், புதிய கோதுமை வகைகள் குட்டை. ஆகவே மாரிஸ் விட்ஜன் போன்ற உயர வகையை இதற்கென்றே விதைத்து, முழுதாக முற்றும் முன் பழைய கட்டுக்கட்டும் இயந்திரத்தால் அறுக்கிறார்கள். தழைச்சத்து உரம் கூடினால் தண்டு மென்மையாகி, கூரையில் சீக்கிரம் மட்கும். நாணலிலும் பெரும்பகுதி இறக்குமதிதான்; ‘நார்ஃபக் நாணல்’ என்ற பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது.

பழுதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தரையில் நின்றே பார்க்கலாம். உள்ளே இருக்க வேண்டிய குறுக்குக் கழி வெளியே தெரிந்தால் மேல்படுகை தீர்ந்துவிட்டது. மேலிருந்து கீழாகக் கருத்த ஓடைகள் விழுந்தால் அந்த இடங்களில் நீர் தேங்கி வெட்டுகிறது. கூடுவாயும் புகைபோக்கி அடியும் முதலில். பாசி மட்டும் இருந்தால் அவசரமில்லை. அதை அழுத்த நீரால் அடித்துக் கழுவுவதுதான் ஆபத்து, பாசியோடு நல்ல தாளும் போய்விடும்.

முகட்டுல நரி, மயில்னு தாள்ல பொம்மை வெச்சிருக்காங்களே, அது எதுக்கு?

வேய்பவரின் முத்திரை என்று சொல்வார்கள், சூனியக்காரி முகட்டில் உட்காராமலிருக்க என்றும் சொல்வார்கள். இன்று பெரும்பாலும் அலங்காரம். கம்பிக்கூட்டில் தாளைச் சுற்றிச் செய்வது. காகங்கள் பிய்க்கும் என்பதால் முகட்டுக்கு முன்பே அது உதிர்ந்துவிடும். அப்போது மற்றொன்று செய்து வைப்பார்கள், பப்பின் பெயருக்கேற்ப.